தோட்டத்துக்கும் மலைக்கும் முதலுதவிப் பயிற்சி: ஏற்பாடு செய்வது எப்படி?

தோட்டம், தென்னந்தோப்பு, கரும்பாலை, நார் மில், எஸ்டேட், மலைக்கோயிலுக்குப் போகும் குழு என்று ஊருக்கு வெளியே ஆள் புழங்கும் இடத்துக்கு முதலுதவிப் பயிற்சி வைக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். கோயமுத்தூர் அலுவலகம் ஒன்றில் நடக்கும் வகுப்பை அப்படியே கொண்டுவந்து இறக்கினால் பாதிதான் பயன்படும். அங்கே 108 வாசலுக்கே வந்துவிடும். இங்கே தார் ரோட்டிலேயே நின்று, எந்த இட்டேரியில் (இருபுறமும் வேலி உள்ள தோட்டத்து மண்பாதையில்) திரும்புவது என்று போன் செய்து கேட்டுக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் என்ன செய்வது, என்ன செய்யாமல் இருப்பது என்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

1. சான்று வேண்டுமா, பயிற்சி வேண்டுமா?

இதை முதலில் முடிவு செய்யுங்கள். கண்டக்டர் லைசென்ஸுக்கோ, கம்பெனி ஆய்வில் காட்டுவதற்கோ முதலுதவிச் சான்று வேண்டுமென்றால் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், இந்திய செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அங்கீகாரம் உள்ள அமைப்பிடம்தான் போக வேண்டும். செயின்ட் ஜான் சான்று 3 ஆண்டு செல்லும். மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் தரும் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) அட்டை 2 ஆண்டு செல்லும். ஆனால் அது பெரும்பாலும் நெஞ்சழுத்தம், மூச்சு, தொண்டை அடைப்பு இவற்றோடு நின்றுவிடும். பாம்பும் கிணறும் அதில் வராது.

காகிதம் தேவையில்லை, ஆட்களுக்குக் கை பழகினால் போதும் என்றால் வழி சுலபம், செலவும் குறைவு. இரண்டும் வேண்டுமென்றால் சான்று வகுப்பை ஒரு நாளும், உங்கள் இடத்துக்கான செய்முறையை அரை நாளும் என்று பிரித்துக் கேளுங்கள்.

வகுப்பே நடத்தாமல் போட்டோவும் பணமும் வாங்கிக்கொண்டு சான்று தருகிறோம் என்று ஆட்கள் வருவார்கள். அந்தக் காகிதத்தை நம்பி முதலுதவிப் பெட்டியை ஒருவர் பொறுப்பில் விட்டால், அடிபட்ட அன்றைக்கு அவர் கைதான் முதலில் நடுங்கும்.

2. உங்கள் இடத்து ஆபத்துகளை எழுதுங்கள்

பயிற்சியாளரைக் கூப்பிடும் முன் ஒரு பக்கத் தாள் தயாராக இருக்கட்டும். அதில் நான்கு விஷயம் போதும்: என்ன வேலை நடக்கிறது, எத்தனை பேர், பகலில் வீட்டில் இருப்பது யார், பக்கத்து அரசு மருத்துவமனை எவ்வளவு நேரத் தொலைவு.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் என்றால் தென்னை மரத்திலிருந்து விழுவதும் மட்டை தலையில் விழுவதும் முதலில் வரும். கவுந்தப்பாடி சுற்றுவட்டத்துக் கரும்பாலைகளில் கொதிக்கும் பாகு. மஞ்சள் வேகவைக்கும் இடத்தில் கொதிநீர். கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) வாய்க்கால் ஓரத்து ஊர்களில் நீரில் மூழ்குவது. மேட்டுக்காட்டில் பாம்பு, பம்ப்செட் ஷாக், மருந்து தெளிக்கும்போது ஏறும் விஷம், ரோட்டவேட்டரில் சிக்கும் கால். வெள்ளியங்கிரிக்குப் போகும் குழுவுக்கு நெஞ்சுவலி, கணுக்கால் பிசகு, மலைத்தேனீ, குளிர்.

தொலைவைக் கிலோமீட்டரில் எழுதாமல் நேரத்தில் எழுதுங்கள். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி 64 கி.மீ.தான், ஆனால் நடுவே 40 கொண்டை ஊசி வளைவு. தாளவாடிக்காரர்கள் திம்பம் மலைப்பாதையில் இறங்கி சத்தியமங்கலம் வருவதா, சாம்ராஜ்நகர் போவதா என்று முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். திம்பம் பாதையில் இரவு வாகனத் தடை உண்டு. ஆம்புலன்ஸுக்கு விலக்கு இருக்கிறது என்றாலும், சொந்தக் காரில் நோயாளியை ஏற்றி வரும்போது சோதனைச் சாவடியில் பேச நேரும். சாவடி எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்திலேயே உள்ள வீட்டில்) இருப்பது பெரும்பாலும் பெண்களும் வயதானவர்களும்தான். ஆண்கள் சந்தைக்கோ மில்லுக்கோ போயிருப்பார்கள். அதனால் பயிற்சிப் பட்டியலில் முதல் பெயர்கள் வீட்டிலிருக்கும் பெண்களுடையதாக இருப்பதே சரி. ஆண்களை மட்டும் உட்கார வைத்து முடித்துவிடுகிற வழக்கத்தை விடுங்கள்.

3. யாரிடம் கேட்பது

தீயணைப்பு நிலையத்தில் எழுத்தில் கேட்டால் செயல்விளக்கம் செய்து காட்டுவார்கள். கிணற்று மீட்பு, கேஸ், தீ மூன்றுக்கும் அவர்களைவிட நல்ல ஆள் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் பாம்புக்கடி, நாய்க்கடி, பூச்சிமருந்து பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொல்லிக் கேளுங்கள். சி.பி.ஆரை (நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுப்பதை) பொம்மை வைத்துச் சொல்லித்தர மேலே சொன்ன அமைப்புகளையோ, தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவையோ அணுகலாம். விளம்பரத்துக்காகவே இலவசமாக வரும் மருத்துவமனைகளும் உண்டு. வரட்டும், ஆனால் மேடைப் பேச்சோடு முடிக்க விடாதீர்கள்.

ஒப்புக்கொள்ளும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்:

- பொம்மை எத்தனை கொண்டு வருவீர்கள்? ஆறு பேருக்கு ஒன்றாவது வேண்டும்.
- ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? 10 முதல் 12 பேரைத் தாண்டினால் கை பார்த்துத் திருத்த முடியாது.
- ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் தொடர்ந்து அழுத்திப் பார்ப்பார்களா?
- தமிழில் நடத்துவீர்களா? ஸ்லைடு மட்டும் ஆங்கிலத்தில் வரும், ஜாக்கிரதை.

நார் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் இந்தி, ஒடியா, வங்காளி தெரிந்த மேஸ்திரி ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். அவரை முந்தின நாளே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால்தான் சரியாக மாற்றிச் சொல்வார்.

4. காகிதங்கள்

கூட்டமாகக் கேட்கும்போது விண்ணப்பம் சங்கத்தின் பெயரிலோ, ஊராட்சியின் பெயரிலோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரிலோ, மகளிர் குழுவின் பெயரிலோ முத்திரையோடு போகட்டும். தனியாள் கடிதத்துக்குப் பதில் வரத் தாமதமாகும். கடிதத்தில் நாள் (மாற்று நாள் ஒன்றும்), இடம், ஆள் எண்ணிக்கை, வேண்டிய தலைப்புகள், பேச வேண்டியவரின் செல்போன் எண் இவை இருக்க வேண்டும். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சான்று வகுப்புக்கு ஆள் ஒன்றுக்கு ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ, விண்ணப்பப் படிவம் தயாராக இருக்கட்டும். கண்டக்டர் லைசென்ஸுக்குப் போகிறவர் பள்ளிச் சான்றையும் எடுத்து வரட்டும். இதில் கோளாறு வருவது இனிஷியலில்தான். ஆதாரில் இனிஷியல் ஓரிடத்தில் இருக்கும், பள்ளிச் சான்றில் வேறிடத்தில் இருக்கும், பெயர்ப் பட்டியலை டைப் செய்தவர் விட்டே இருப்பார். சான்று அச்சாகி வந்தபின் திருத்துவதற்கு மறுபடி அலைய வேண்டும். பட்டியலை அனுப்பும் முன் ஒவ்வொருவரிடமும் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எந்த அலுவலகத்துக்குக் கொடுக்கப் போகிறாரோ அங்கே உள்ள ஆவணத்தோடு ஒத்துப்போவதுதான் முக்கியம்.

காப்புக்காட்டுக்குள் பயிற்சி வைக்க ஆசைப்படாதீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது, கேட்டாலும் நாள் பிடிக்கும். மலைச்சரிவு வேண்டுமென்றால் பட்டா நிலத்து மேடு ஒன்றைப் பாருங்கள்.

5. நாளும் நேரமும்

ஆறு வாரம் முன்னதாகத் தொடங்குங்கள். முதல் வாரம் தாளும் கடிதமும். மூன்றாம் வாரத்துக்குள் நாள் உறுதி. கடைசி வாரம் பெயர்ப் பட்டியலும் பொருள்களும்.

பால் சொசைட்டி நேரத்தோடு மோதினால் கூட்டம் பாதியில் எழுந்துவிடும். காலை 9.30க்குத் தொடங்கி மாலை 3.30க்குள் முடியுங்கள். உள்ளூர்ச் சந்தை நாள், முகூர்த்த நாள், மஞ்சள் அறுவடை, வாய்க்காலில் தண்ணீர் விட்ட முதல் இரண்டு வாரம் வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் மண்டபம் காலியாகக் கிடக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். ஆடியில் திறந்த வெளி மட்டும் வேண்டாம், காற்றில் பயிற்சியாளர் பேசுவது கேட்காது. தென்னைக்கு ஏறுகிறவர்களுக்குத் தேங்காய் வெட்டு முடிந்த மறுநாள் பார்த்து வையுங்கள். வெள்ளியங்கிரிக் குழுவுக்கு தை மாதமே சரி, பிப்ரவரியில் மலைக்கூட்டம் தொடங்கிவிடும்.

6. செலவு

சான்றுக் கட்டணம் அமைப்புக்கு அமைப்பு மாறும். தலைக்கு எவ்வளவு, அதில் புத்தகமும் சான்றும் சேர்த்தியா, பயிற்சியாளரின் பயணம் தனியா என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். ரசீது இல்லாமல் முன்பணம் வேண்டாம். சாப்பாடு, டீ, வடைக்குத் தலைக்கு 150 முதல் 200 ரூபாய் வைத்துக்கொள்ளலாம்.

முக்கோணக் கட்டுத்துணியைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. ஈரோட்டில் காடாத்துணி வாங்கி, ஒரு மீட்டர் சதுரமாக வெட்டி, மூலைக்கு மூலை கத்தரித்தால் இரண்டு கட்டு. ஒரு மீட்டர் அகலத் துணி 15 மீட்டர் வாங்கினால் 30 பேருக்கு ஆளுக்கொன்று. கஞ்சி போக ஒருமுறை துவைத்துவிடுங்கள், விறைப்பான துணியில் முடிச்சு நிற்காது.

7. வகுப்பில் என்னென்ன வர வேண்டும்

முழு நாள் கிடைத்தால் கீழே உள்ள எல்லாமே வரட்டும். மூன்று மணி நேரம்தான் என்றால் சி.பி.ஆர்., ரத்தத்தை நிறுத்துவது, மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பது, 108க்குப் பேசுவது, உங்கள் இடத்து ஆபத்து ஒன்று. இதற்கு மேல் திணித்தால் எதுவும் நிற்காது.

*சி.பி.ஆர்.* பேச்சுமூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவே 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்துக்கொருமுறை ஆள் மாற வேண்டும், இல்லாவிட்டால் ஆழம் குறைவது அழுத்துகிறவருக்கே தெரியாது. கயிற்றுக் கட்டிலில் வைத்து அழுத்தினால் கட்டில்தான் அமுங்கும். தரையில் இறக்குங்கள்.

*நீரில் மூழ்கியவர்.* வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகச் சுற்றுவது, வண்டிச் சக்கரத்தில் கவிழ்ப்பது எல்லாம் நேர விரயம். அதோடு வயிற்றிலிருப்பது மூச்சுக்குழலுக்குள் போகும். மூழ்கியவருக்கு முதலில் மூச்சு, பிறகு அழுத்தம். வாய்க்காலில் குதித்துத் தூக்கப்போய் இரண்டாவது ஆளும் போவது வழக்கமாக நடக்கிறது. காற்றடித்த டியூப், கயிறு, மூங்கில் கழி இவற்றை வீசிப் பழக்குங்கள்.

*கிணறும் குழியும்.* பல காலம் மூடிக்கிடந்த கிணறு, செப்டிக் டேங்க், சாண எரிவாயுக் குழி இவற்றில் ஒருவர் மயங்கி விழுந்தால் யாரும் இறங்கக் கூடாது. ஆக்சிஜன் குறைவாகவோ விஷவாயு நிறைந்தோ இருக்கும் இடத்தில் மூச்சைப் பிடித்து இறங்குவதும் துண்டு கட்டி இறங்குவதும் உதவாது. தீயணைப்புக்கு 101 அல்லது 112. பயிற்சியில் இதை ஒத்திகை பார்க்கும்போது ஒருவரைத் தடுத்து நிறுத்துகிற வேலைக்கே நியமியுங்கள். அண்ணன் உள்ளே கிடக்கும்போது தம்பியைப் பிடித்து நிறுத்துவதுதான் அங்கே கடினமான வேலை.

*ரத்தம்.* சுத்தத் துணி வைத்து அழுத்தி 10 நிமிடம் எடுத்துப் பார்க்காமல் இருக்க வேண்டும். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு வேண்டாம். மருத்துவமனையில் அதைக் கழுவி எடுக்கும்போது ரத்தம் மறுபடி திறக்கும். ரோட்டவேட்டரிலோ அறுவை மிஷினிலோ கை கால் சிதைந்து, அழுத்தியும் நிற்காதபோதுதான் இறுக்குக்கட்டு. 4, 5 செ.மீ. அகலத் துணி, காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல், குச்சி கோத்து ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ எழுதுங்கள். நடுவில் தளர்த்தக் கூடாது.

*பாம்பு.* இறுக்குக்கட்டையும் பாம்புக்கடியையும் ஒரே அமர்வில் சொல்லித்தரக் கூடாது. கேட்டவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு கடித்த காலில் கயிறு கட்டிவிடுவார்கள். நடுவே சாப்பாட்டு இடைவேளை விடுங்கள். பாம்புக்கடிக்கு இறுக்குக்கட்டும் இல்லை, கீறலும் இல்லை, உறிஞ்சலும் இல்லை, ஐஸும் இல்லை. மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் கழற்றி, கடித்த காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல அசையாமல் கட்டை வைத்துக் கட்டி, நடக்க விடாமல் தூக்கிப் போங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் பார்க்க வேண்டியவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும். அரசு மருத்துவமனையில் உள்ள விஷமுறி மருந்து இந்த நான்குக்கும் பொது, அதனால் பாம்பை அடித்து எடுத்துப்போகத் தேவையில்லை. மலைப்பகுதிக் குழிவிரியன்கள் இந்த நான்கில் சேராதவை. தூரத்திலிருந்து போட்டோ எடுக்க முடிந்தால் டாக்டருக்கு உதவும், தேடிப்போக வேண்டாம்.

கட்டுவிரியன் ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ தெரியாமலே போகும். விடியற்காலை வயிற்றுவலி, கண்ணிமை தொங்கல், பேச்சுக் குழறல் என்றால் பாம்பு பார்க்கவில்லை என்று சொல்லி உட்கார்ந்திருக்காதீர்கள்.

*பூச்சிமருந்து.* தோலில் பட்டிருந்தால் கையுறை போட்டுத் துணியைக் கழற்றி, சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். விழுங்கியிருந்தால் உப்புக்கரைசலோ சாணிக்கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக்கரைசலே ஆளைக் கொல்லலாம், வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டாம். பாட்டிலையோ பாக்கெட்டையோ லேபிளோடு எடுத்துப் போங்கள். வாசல் தெளிக்கும் சாணிப் பவுடரை (சாயப்பொடியை) விழுங்கினாலும் இதேதான்.

*மரத்திலிருந்து விழுந்தவர்.* எழுப்பி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பதுதான் நாம் எல்லோரும் முதலில் செய்வது, அதுவே முதுகெலும்புக்கு வினை. தலையை ஒருவர் பிடிக்க, மூவர் உடம்பைப் பிடித்து, தலையைப் பிடித்தவர் சொல்லும்போது ஒரே மரக்கட்டையாகத் திருப்பிப் பலகையிலோ கதவிலோ ஏற்ற வேண்டும். தொய்யும் கயிற்றுக் கட்டில் இதற்கு ஆகாது. நான்கு பேரும் இடம் மாறி மாறிச் செய்யட்டும்.

*ஷாக்.* ஸ்டார்ட்டரை நிறுத்துவது போதாது, லைனில் கரண்ட் இருக்கும். மெயினை இறக்கி மூன்று ஃபேஸ் ஃபியூஸையும் பிடுங்க எல்லோருக்கும் தெரிய வேண்டும், பெண்களுக்கும். அறுந்து கிடக்கும் கம்பியின் பக்கமே போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

*தீக்காயம்.* பாகு ஒட்டியிருந்தால் உரிக்காமல் 20 நிமிடம் ஓடும் தண்ணீர். பேஸ்ட், இங்க், மாவு வேண்டாம்.

*நாய்க்கடி.* சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுதல். அன்றே ஆரம்ப சுகாதார நிலையம், ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28 என நான்கு தவணை. கடைசித் தவணைதான் பலருக்கு மறந்துபோகும், காலண்டரில் குறித்து வையுங்கள்.

8. 108க்கு வழி சொல்லும் ஒத்திகை

இதை எந்தப் பயிற்சியாளரும் தானாகச் செய்ய மாட்டார், நீங்கள்தான் கேட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் தன் தோட்டத்துக்கு வழியை ஐந்து வரியில் எழுதட்டும்: மாவட்டம், தாலூகா, ஊராட்சி, தார் ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம், அங்கிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு தூரம். “மேற்கால தோட்டம்”, “பெரியவர் காடு” என்பது பக்கத்து ஊர்க்காரருக்கே புரியாது, போனில் கேட்கிறவருக்கு எப்படிப் புரியும்? கோயில், பால் சொசைட்டி, ரேஷன் கடை, டிரான்ஸ்பார்மர் இவற்றில் ஒன்றைப் பிடித்துச் சொல்லுங்கள். அந்தத் தாளை சாளைச் சுவரில் ஒட்டுங்கள். வண்டி வரும் நேரம் ஒருவர் பைக்கில் தார் ரோட்டில் போய் நிற்க வேண்டும், ராத்திரியில் டார்ச்சோடு. இட்டேரி குறுகல் என்றால் நோயாளியைத் தார் ரோட்டுக்குக் கொண்டுவரும் வண்டி எது, டிரைவர் யார் என்பதையும் எழுதுங்கள்.

செல்போன் சிக்னல் கிடைக்கும் மேட்டையும் குறித்து வையுங்கள். பர்கூர், கடம்பூர் மலையில் இது அவசியம்.

சாலை விபத்தில் உதவினால் கேஸில் இழுப்பார்கள் என்ற பயத்தையும் வகுப்பிலேயே போக்குங்கள். மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 134ஏ உதவியவரைக் காக்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்தில் அடிபட்டவருக்குப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. உங்களுக்கு அருகில் பட்டியலில் உள்ள மருத்துவமனை எது என்று விசாரித்துத் தாளில் சேர்த்துவிடுங்கள். பாம்புக்கடிக்கு விஷமுறி இருப்பும், ராத்திரியில் டாக்டரும், செயற்கை சுவாசக் கருவியும் எங்கே உண்டு என்பதையும் போனில் கேட்காமல் நேரில் போய்க் கேளுங்கள்.

9. பெட்டி

30 பேர் வேலை செய்யும் இடத்துக்கு: முக்கோணக் கட்டு 6, கிரேப் பேண்டேஜ் 10 செ.மீ. 3, 15 செ.மீ. 2, கிருமி நீக்கிய காஸ் 20, ரோலர் பேண்டேஜ் 6, கையுறை 10 ஜோடி, மழுங்கிய முனைக் கத்தரி, சோப்பு, சலைன் 500 மி.லி. 2, ஓ.ஆர்.எஸ். 10, மூச்சு கொடுக்கும் முகமூடி 1, டார்ச், நோட்டு, பேனா. முகமூடி நீங்கலாக 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் முடியும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கானதும் 200 மி.லி.க்கானதும் உண்டு, பார்த்துக் கலக்க வேண்டும். மாத்திரை எதுவும் பெட்டியில் வேண்டாம், அதற்குப் பிறகு பெட்டி தலைவலிக்கு மட்டும்தான் திறக்கும்.

பூட்டாதீர்கள். சாவி மேனேஜரிடம் இருக்கும், மேனேஜர் பெருந்துறையில் இருப்பார். ஸ்டார்ட்டர் ரூமில் வைத்தால் சூட்டில் பிளாஸ்திரி பசை போய்விடும், எலியும் காஸைக் கடித்துவிடும். மூடியுள்ள தகரப் பெட்டியாக, வாசலுக்குப் பக்கத்தில், நிழலில்.

10. ஆறு மாதம் கழித்து

சி.பி.ஆர். கைப்பழக்கம் சில மாதங்களிலேயே மங்கிவிடும். ஆறு மாதத்துக்கொருமுறை ஒரு மணி நேரம் போதும். பொம்மை கிடைக்காவிட்டால் நெல் உமி இறுக்கிய சாக்கில் அழுத்திப் பழகலாம். ஆழம் சரியாகத் தெரியாது, வேகமும் ஆள் மாறுவதும் பழகும். அன்றே பெட்டியைத் திறந்து தேதி முடிந்தவற்றை மாற்றுங்கள், சுவரில் ஒட்டிய தாளில் உள்ள எண்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்து பாருங்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அன்றைக்கு முதல் வரிசையில் உட்காரட்டும்.